பெரியநாயகி கொடுத்த பச்சை அளவு

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் மோல்டு ரூம் பெரியநாயகி என்றால் தெரியாதவர் இல்லை. தாலிக்கயிற்றோடு கழுத்தில் அளவெடுக்கும் டேப் ஒன்றும் எப்போதும் தொங்கும். கோயிலுக்குப் போகும்போதுதான் டேப்பைக் கழற்றுவாள். அதுவும் புருஷன் தர்மராஜ் ஞாபகப்படுத்தினால்தான் உண்டு.

கம்மாபுரம் பக்கத்தில் பிறந்தவள். நிலம் சுரங்கத்துக்குப் போனபோது அவளுடைய அப்பா குடும்பத்தோடு எஸ்டேட்டை ஒட்டிய ஊரில் வந்து குடியேறினார். ஊருக்குள் இருந்த அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாவது வரை படித்தாள். அதற்கு மேல் அங்கே வகுப்பு கிடையாது. டவுனுக்கு பஸ் ஏற வேண்டும். அப்பா யோசித்துக்கொண்டே இருந்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் சேர்க்கை முடிந்துவிட்டது. அடுத்த மாதம் பெரியநாயகி கம்பெனியில், அச்சிலிருந்து வரும் களிமண் சரக்கின் பிசிறு சீவும் வேலைக்குச் சேர்ந்தாள்.

கம்பெனிக்குப் பெயர் உண்டு. ஆனால் சுற்றுவட்டாரத்தில் யாரும் அதைச் சொல்வதில்லை. எஸ்டேட்டிலேயே பெரியது அதுதான். கரண்டுக் கம்பத்து இன்சுலேட்டரிலிருந்து கழிவறைக் கோப்பை வரைக்கும் செய்கிறது. வீட்டுக்கு ஒருவர் அங்கே வேலை பார்ப்பதால் 'கம்பெனி' என்றாலே போதும். பெரியநாயகி அங்கே மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் உடைந்த அச்சுகள் குவிந்து கிடக்கும் மூலைக்குப் போவாள். துண்டுகளைப் பொறுக்கி ஒன்றோடு ஒன்று சேர்த்து, எந்தத் துண்டு எந்தப் பக்கம் கழன்றால் உள்ளே இருக்கும் களிமண் சேதமில்லாமல் வரும் என்று பார்ப்பாள். அவளாகக் கற்றுக்கொண்டது அப்படித்தான். ஒரு மழைக்காலத்தில் மோல்டு ரூமில் ஆள் குறைந்தபோது ஒரு வாரத்துக்கென்று அவளை உள்ளே அனுப்பினார்கள். அந்த வாரம் இன்னும் முடியவில்லை.

மோல்டு ரூமுக்கென்று ஒரு சட்டம் உண்டு. அச்சிலிருந்து வரும் ஈரக் களிமண் காயும்போது கொஞ்சம் சுருங்கும், சூளையில் வேகும்போது இன்னும் சுருங்கும். மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். அதனால் முதலிலேயே எல்லாவற்றையும் பெரிதாகச் செய்ய வேண்டும். அந்தப் பெரிய அளவுக்குப் பச்சை அளவு என்று பெயர். வெந்து வெளியே வந்தபின் இருப்பது சுட்ட அளவு. மோல்டு ரூமுக்குள் பேசுவதெல்லாம் பச்சை அளவு. வாசலுக்கு வெளியே உலகம் பேசுவதெல்லாம் சுட்ட அளவு. எஸ்டேட்டுப் பெண்கள் ஜாக்கெட் தைக்கப் போனால்கூட, "இது பச்சையா, சுட்டதாம்மா?" என்று தையல்காரர் கிண்டல் செய்வார்.

அந்தக் கிண்டல் ஒருநாள் பெரியநாயகியின் தலையிலேயே வந்து விடிந்தது.

அந்த ஆண்டு ஊர்ப் பள்ளி மேல்நிலைப் பள்ளியாக உயர்ந்தது. இனி பன்னிரண்டாவது வரை அங்கேயே படிக்கலாம். ஆனால் அறிவியல் பிரிவு வேண்டுமென்றால் ஆய்வகம் வேண்டும். கல்வித் துறையிலிருந்து வந்து பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் சேர்க்கை. பள்ளி ஆண்டு விழா மேடையில் கம்பெனி மேனேஜர் ராஜ்மோகன் மைக்கைப் பிடித்து, "லேப்பு எங்க பொறுப்பு. கட்டடம் நாங்க கட்டுறோம், கழுவுற தொட்டியெல்லாம் எங்க சூளையிலேயே சுட்டுத் தர்றோம்" என்று அறிவித்துவிட்டார். பெஞ்சு, மின்விசிறி, குடிநீர்த் தொட்டி என்று கம்பெனி அந்தப் பள்ளிக்கு நிறையச் செய்திருக்கிறது. ஆனால் அன்று எழுந்த கைதட்டல் போல் அதற்குமுன் எழுந்ததில்லை.

எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவள் பெரியநாயகி. அவளுடைய மகள் இளமதி அப்போதுதான் பத்தாவது எழுதி முடித்திருந்தாள். உயிரியல் படித்தே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள். டவுன் பள்ளியில் இடம் கிடைத்தது. பெரியநாயகிதான் தடுத்தாள்.

"எதுக்குடி பஸ்ஸுல தொங்கிக்கிட்டு போவணும்? லேப்பு நாங்க கட்டுறோம். அந்தத் தொட்டிக்கு மோல்டே உங்கம்மாதான் செய்யுறேன். பேசாம இங்கயே சேரு."

இளமதி சொன்னதைக் கேட்டு அவளுடைய தோழிகள் எட்டுப் பேரும் டவுன் இடத்தை விட்டுவிட்டார்கள். ஒன்பது பெண்களும் பெரியநாயகியின் ஒரு வார்த்தையை நம்பி உட்கார்ந்திருந்தார்கள்.

கட்டடம் எழுந்தது. ஆறு கருங்கல் மேடைகள், மேடைக்கு ஒரு தொட்டி. கல் வேலை தர்மராஜுக்கு வந்தது. கருங்கல் அறுத்துப் பதிப்பதில் அவன் கெட்டிக்காரன். கல்லில் தொட்டி இறங்குவதற்கு ஓட்டை போட வேண்டிய நாள், பள்ளியிலிருந்து மனைவிக்கு போன் செய்தான்.

"நாயகி, தொட்டி அளவு சொல்லு. விளிம்பு கல்லு மேல உக்காரணும், உடம்பு உள்ள எறங்கணும். எறங்குற அளவு என்னா?"

பெரியநாயகி அப்போது பட்டறை மேசை முன்னால் நின்றிருந்தாள். அவள் செய்த மாதிரித் தொட்டி எதிரிலேயே இருந்தது. கழுத்திலிருந்த டேப்பை எடுத்து அதன்மேல் வைத்தாள். நீளம் சொன்னாள், அகலம் சொன்னாள். அவன் திருப்பிச் சொன்னான். சரி என்றாள். போனை வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

தொட்டிகள் வெந்து பள்ளிக்குப் போன அன்று தலைமை ஆசிரியை தமிழினி, மேனேஜர், இளமதி, அவள் தோழிகள் என்று ஆய்வகம் நிறைய ஆள். தர்மராஜ் முதல் தொட்டியை ஓட்டையில் இறக்கினான். உட்கார்ந்தது. நகக்கண் அளவு விளிம்புதான் கல்லைத் தொட்டது என்பதை யாரும் கவனிக்கவில்லை. மேனேஜர் சிரித்துக்கொண்டே குழாயைத் திறந்தார். தண்ணீர் அரைத் தொட்டிக்கு ஏறியது. தொட்டி ஒரு பக்கம் சாய்ந்தது, மறுபக்கம் விட்டது, அப்படியே உள்ளே போய்விட்டது. கீழே குழாயைப் பார்க்க உட்கார்ந்திருந்த தர்மராஜ் மடியில் ஏந்திக்கொண்டான். இடுப்புக்குக் கீழே முழுக்க நனைந்தான்.

"என்னாய்யா அளவெடுத்த?" என்றார் மேனேஜர்.

"நான் எங்க சார் எடுத்தேன்? எங்க வூட்டம்மா குடுத்த அளவு. மில்லி பெசகல."

பெரியநாயகிக்குச் சேதி சொல்ல ஆள் போகவில்லை; அவளே வாசலில் நின்றிருந்தாள். தொட்டி விழுவதைப் பார்க்கவென்றே வந்தது போல சாப்பாட்டு இடைவேளையில் ஓடி வந்திருந்தாள். ஓட்டையைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, பச்ச அளவக் குடுத்துட்டேனே!"

"கல்லு சுருங்காதுடி!" என்றான் தர்மராஜ், மடியில் தொட்டியோடு.

பெண்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். இளமதி சிரிக்கவில்லை. "இன்ஸ்பெக்‌ஷன் எப்பம்மா?" என்று மட்டும் கேட்டாள். தமிழினி டீச்சர்தான் பதில் சொன்னார். இரண்டு வாரம்கூட இல்லை.

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். புதுக் கல் போடலாமென்றால் மேடையைக் கட்டடத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தது. இடித்தால் குழாயெல்லாம் பெயரும், வேலை மாதக்கணக்கில் இழுக்கும். கடையில் ஸ்டீல் தொட்டி வாங்கி மாட்டலாம் என்றார் மேனேஜரோடு வந்த ஒருவர். ஆசிட் ஊற்றினால் ஸ்டீல் அரித்துவிடும் என்றார் டீச்சர். மேனேஜருக்கு அதைக் கேட்பதற்கு முன்னாலேயே முகம் சிவந்துவிட்டது.

"நாம கட்டுன லேப்புல கடைத் தொட்டியா? எஸ்டேட்டே கைகொட்டிச் சிரிக்கும்யா."

"சார்," என்றாள் பெரியநாயகி. "ஓட்டைய சின்னதாக்க முடியாது. தொட்டியப் பெருசாக்கலாம். புது மாடல், புது மோல்டு. எனக்கு ஆளு வேணாம், எடம் விட்டாப் போதும். ஆனா சூளையில எனக்கு வண்டி வேணும்."

"இன்சுலேட்டர் ஆர்டர் நிக்குது, நாயகிம்மா."

"இந்தப் புள்ளைவளும் நிக்கிதுங்க சார்."

மேனேஜர் ஒன்பது பேரையும் பார்த்தார். அவர்களும் கண்கொட்டாமல் அவரைப் பார்த்தார்கள். "சுப்புராயன் ஒத்துக்கிட்டா எடுத்துக்க" என்றார். சூளையைப் பொறுத்தவரை சுப்புராயன் சொல்வதுதான் சட்டம். மேனேஜரே அங்கே விருந்தாளி.

பெரியநாயகி சூளைக்கு ஓடினாள். நீளமான சுரங்கம் மாதிரி சூளை அது. ஒரு பக்கம் சரக்கு ஏற்றிய வண்டி நுழையும். நெருப்பைக் கடந்து மறுபக்கம் வெந்து வெளியே வரும். சுப்புராயன் டீ குடித்துக்கொண்டிருந்தார். முழுக் கதையையும் கேட்டதும் அவருக்கு டீ புரையேறியது.

"ஏம்மா தங்கச்சி, ஓன் புருஷனும் சுருங்கிடுவான்னு நெனச்சியா?"

"சிரிங்கண்ணே, நல்லா சிரிங்க. வண்டி தருவீங்களா, மாட்டீங்களா?"

"காஞ்ச சரக்கா கொண்டா, தரேன். ஈரத்தோட கொண்டாந்தியோ, வெடிச்சி மத்த சரக்கையும் கெடுத்துடும். அப்ப தங்கச்சின்னு பாக்க மாட்டேன்."

அன்று மதியமே வேலை ஆரம்பித்தது. சுருங்குவது எட்டில் ஒரு பங்கு. ஆனால் சுருங்கியதை ஈடுகட்ட ஏழில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். எட்டில் ஒரு பங்கு என்று நினைத்துக் கூட்டினால் தொட்டி ஓட்டையில் கச்சிதமாக உட்காராமல் ஆடும். பெரியநாயகி ஒரே அளவை மூன்று முறை போட்டுப் பார்த்தாள். பக்கத்தில் பிசிறு சீவும் பெண்களை நிறுத்தி வாய்விட்டுச் சொல்லச் சொன்னாள். "இது பச்சை" என்று ஒருத்தி சொல்ல, "அது வெந்தா இவ்ளோ" என்று இன்னொருத்தி சொல்ல, பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு மாதிரி மோல்டு ரூம் முழங்கியது.

பிளாஸ்டர் கரைத்து ஊற்றி, செதுக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, அச்செடுத்தாள். ஈர அச்சுகளைச் சூளைக்கு மேலே சூடான தளத்தில் அடுக்கிக் காயவைத்தாள். காய்ந்ததும் களிமண் கரைசலை ஊற்றினார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்ச, சுவரில் களிமண் தோலாகப் படிய, மிச்சத்தைக் கவிழ்த்து வடித்தார்கள். முதல் தொட்டி அச்சிலிருந்து கழன்று வந்தபோது மோல்டு ரூமே "ஹோ" என்று கத்தியது. மாட்டுத் தொட்டி மாதிரி இருந்தது.

"அக்கா, இதுல ஆசிட் ஊத்துவாங்களா, தவிடு கரைப்பாங்களா?"

"வேவட்டும்டி. வெந்தா அடங்கிடும்."

ஊருக்குள் இதே பேச்சுதான். கிரிக்கெட் ஸ்கோர் கேட்பது மாதிரி டீக்கடையில் கேட்டார்கள்: "எத்தினி ஆச்சி?" "நாலு வந்துடிச்சி. ஒண்ணு காயுது." ஷிப்டு விடும் நேரத்துக்கு ஒன்பது பெண்களும் சைக்கிளில் வந்து கம்பெனி கேட்டில் நிற்பார்கள். வெளியே வருகிறவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே விரலைக் காட்டுவார்கள்: ஐந்து, ஆறு.

ஏழாவதைக் காயவைத்த அன்றுதான் அனல் காற்று அடித்தது. ஆனி மாதத்துக் காற்று, புழுதியை வாரிக்கொண்டு ஜன்னல் வழியே நுழைந்தது. பெரிய தொட்டி ஒரு பக்கம் மட்டும் வேகமாகக் காய்ந்தால் மூலையில் விரிசல் விடும். பெரியநாயகி வந்து பார்ப்பதற்குள் ஒன்றின் மூலையில் கீற்று ஓடியிருந்தது. அதைத் தூக்கி, மறுபடி கரையட்டும் என்று கரைசல் தொட்டியில் போட்டாள். பிசிறு சீவும் பெண்கள் ஜன்னல்களைச் சாத்தினார்கள். சாக்குகளை நனைத்துத் தொங்கவிட்டார்கள். தொட்டிகளின் மூலைகளில் ஈரத்துணி சுற்றினார்கள். உணவு இடைவேளையில் ஆள் மாற்றி ஆள் வந்து தொட்டிகளைத் திருப்பி வைத்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. பாதிப்பேரின் பிள்ளைகள் அந்தப் பள்ளியில்தான் படித்தார்கள்.

எட்டாவது ஒன்றையும் வார்த்து, ஏழு தொட்டிகள் வெள்ளை மெருகு பூசிச் சூளை வண்டி ஏறின. தேவை ஆறு. சுப்புராயன் ஒவ்வொன்றையும் கன்னத்தில் ஒட்டிப் பார்த்து ஈரமில்லை என்று உறுதி செய்துகொண்டார். இன்சுலேட்டர் வண்டி ஒன்றைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுத் தொட்டி வண்டியை உள்ளே விட்டார். கதவு மூடியது. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை. அதுதான் பெரியநாயகிக்குப் பெரிய வேலையாக இருந்தது. எட்டிப் பார்க்கும் துவாரத்தில் நீலக் கண்ணாடியை வைத்துப் பத்து தரமாவது பார்த்திருப்பாள். உள்ளே எல்லாம் ஒரே வெளிச்சம். தொட்டி எது, நெருப்பு எது என்றே தெரியவில்லை.

ஆய்வுக்கு அதிகாரி வரும் நாள் காலையில் வண்டி மறுவாசலுக்கு வந்தது. கதவுக்கு வெளியே பெரியநாயகி, தர்மராஜ், மேனேஜர், ஷிப்டு முடிந்தும் போகாதவர்கள், ஷிப்டு தொடங்கும் முன் வந்தவர்கள்.

"தொறங்கண்ணே" என்றாள் பெரியநாயகி.

"ஆறட்டும்."

"அதிகாரி பக்கத்து ஸ்கூலுக்கு வந்துட்டாங்களாம்."

"யாரு வந்தா என்னா? குளுந்த காத்து பட்டா டங்குன்னு போயிடும். ஒக்காரு."

மேனேஜர் வாயைத் திறந்தார். சுப்புராயன் திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டார். ஒருவழியாகக் கதவு திறந்தது. ஏழு தொட்டிகள், பால் வெள்ளையில், வெப்பம் அலையடிக்க வெளியே வந்தன. பெரியநாயகி சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டினாள். ணங். நல்லது. ணங். ணங். நான்காவது 'தட்' என்றது. உள்ளே எங்கோ கீறல். கூட்டம் ஒரே குரலில் "ச்சொ" கொட்டியது. ஐந்தாவது, ஆறாவது, ணங். கடைசியில் ஒன்று. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

ணங்.

சுப்புராயனே விசிலடித்தார். ஆனால் பெரியநாயகி குனிந்து, அந்தக் கடைசித் தொட்டியின் உட்சுவரைக் காட்டினாள். மிளகு அளவு ஒரு பழுப்புப் புள்ளி. புள்ளி விழுந்த சரக்கு கம்பெனி கேட்டைத் தாண்டாது; அது அந்தக் கம்பெனியின் வைராக்கியம். எல்லாக் கண்களும் மேனேஜர்மேல்.

அவர் புள்ளியை உற்றுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே. தர்மராஜ், ஒனக்குத் தெரியுது?"

"செவுத்துப் பக்கம் திருப்பி வச்சா யாருக்குமே தெரியாது சார்."

"அப்ப ஏத்துங்கய்யா!"

வைக்கோல் பரப்பிய குட்டியானை வண்டியில் பிசிறு சீவும் பெண்கள் ஆறு பேர் ஏறிக்கொண்டார்கள். மடியில் சாக்கு, சாக்கின்மேல் சூடு ஆறாத தொட்டி. மேடு பள்ளத்தில் வண்டி தூக்கிப்போடும்போதெல்லாம் "யப்பா, சுடுது! மெதுவாப் போப்பா!" என்ற கூச்சல். வழியில் கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். எவனோ ஒருவன் பட்டாசுகூட வைத்தான்.

தர்மராஜ் ஆறாவது தொட்டியை இறக்கி, விளிம்பில் வெள்ளைச் சிமெண்ட் தடவிக்கொண்டிருக்கும்போதே அதிகாரியின் ஜீப் உள்ளே வந்தது. நடுத்தர வயதுப் பெண்மணி. தமிழினி டீச்சர் அழைத்துக்கொண்டு வந்தார். ஜன்னலுக்கு வெளியே கம்பெனிச் சீருடைகள், பாவாடை தாவணிகள், சைக்கிள்கள். அதிகாரி முதல் குழாயைத் திறந்தார். தண்ணீர் ஏறியது, வடிந்தது. இரண்டாவது, மூன்றாவது. ஆறாவது மேடைக்கு வந்ததும் இரண்டு உள்ளங்கையையும் தொட்டியின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு, முழு எடையையும் போட்டுக் குனிந்து, கீழே கழிவுக்குழாய் எங்கே போகிறதென்று பார்த்தார்.

தர்மராஜின் கை தானாகக் கீழே போனது, தொட்டியை ஏந்துவதற்கு. பெரியநாயகி கண்ணை மூடிக்கொண்டாள்.

தொட்டி அசையவில்லை. கருங்கல்லோடு பிறந்தது போல உட்கார்ந்திருந்தது.

"ஒரு வாளி மொத்தமா ஊத்துங்க" என்றார் அதிகாரி. ஊற்றினார்கள். சுழித்துக்கொண்டு இறங்கியது. அவர் நிமிர்ந்து கையை உதறினார். "நல்லாப் பெருசா வச்சிருக்கீங்களே. எல்லா லேப்புலயும் சட்டி மாதிரி ஒண்ணு வச்சிட்டுப் போயிடுவாங்க. யார் அளவு குடுத்தது?"

டீச்சர் இருமினார். மேனேஜர் கூரையைப் பார்த்தார்.

"இவதாங்க மேடம்," என்றான் தர்மராஜ், மனைவியைக் காட்டி. "ரொம்ப யோசிச்சிக் குடுத்தா."

அடக்கி வைத்திருந்த சிரிப்பு ஜன்னலுக்கு வெளியே வெடித்தது. அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவரும் சிரித்தார். டீச்சரிடம் திரும்பி, "திருப்தியா இருக்குது. உயிரியல் பிரிவு தாராளமா ஆரம்பிங்க. இன்னைக்கே சேர்க்கை போட்டுக்கலாம்" என்றார்.

அந்த வார்த்தை ஜன்னலைத் தாண்டியதுதான் தாமதம். ஒன்பது பெண்களும் மைதானத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு அலுவலக அறைக்கு ஓடினார்கள். அவர்களுக்குப் பின்னால் பிசிறு சீவும் பெண்கள், அவர்களுக்குப் பின்னால், காரணமே இல்லாமல், சுப்புராயன். யார் முதல் என்று வாசலில் தள்ளுமுள்ளு. இளமதிதான் முதலில் நுழைந்தாள். நுழைந்த வேகத்தில் வெளியே தலையை நீட்டினாள்.

"யம்மா! மார்க் ஷீட்டு! மார்க் ஷீட்டு வூட்டுல இருக்குது!"

"ஏன்டி, கையில எடுத்தாரக் கூடாதா?"

"அனுமதி கெடைக்கலன்னா திருப்பித் தூக்கிக்கிட்டு வரணும்லம்மா! அதான் எடுத்தாரல!"

பெரியநாயகி அதற்குமேல் கேட்கவில்லை. தர்மராஜின் மொபெட் ஏற்கெனவே உறுமிக்கொண்டிருந்தது. சிமெண்ட் காயாத கையோடு அவன் கைப்பிடியைத் திருக, பிளாஸ்டர் வெள்ளை போகாத புடவையைச் சுருட்டிக்கொண்டு அவள் பின்னால் தாவி ஏறினாள்.

"சீக்கிரம் போங்க, சீக்கிரம்! டீச்சரு மனசு மாறிடப் போறாங்க!"

"டீச்சரு எதுக்குடி மாறப் போறாங்க?"

"பேசாதீங்க, போங்க!"

மொபெட் பள்ளிக் கேட்டைத் தாண்டித் தார்ச்சாலையில் ஏறியது. அவ்வளவு தூரத்திலும் இளமதியின் குரல் விடாமல் துரத்திக்கொண்டு வந்தது.

"பீரோவுல மேல் தட்டும்மா! கீழ இல்ல! மேல் தட்டு!"